வெளுக்காத பாசி

ஆறு வீடுகளின் கழிவுநீரைப் பாசி வளர்த்துச் சுத்தம் செய்யும் தொட்டியில் தெய்வானைக்கு வேலை. மலை சரிந்து அந்த வீடுகளை மூடியபோது அவள் பாசியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று அவள் வீடு; புருஷனும் இரண்டு மகள்களும் உள்ளே இருந்தார்கள்.

"அழுக்கைத் தின்னுதான் பாசி உயிரோட இருக்கு. இனி ஒரு வாரத்துல வெளுத்துடும். வெளுத்ததும் சொல்லும்மா, தொட்டியை மூடிடலாம்" என்றார் இன்ஜினீயர்.

இரண்டு மாதமாகியும் பச்சை குறையவில்லை. தீபாவளி காலையில், புதைந்த வீடுகளிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் நல்லெண்ணெய் மிதக்க, சீயக்காய் வாசனையோடு விழுந்துகொண்டிருந்தது.

இன்ஜினீயர் போனில் கேட்டார்: "இன்னுமா வெளுக்கல? எதைத் தின்னுது அது?"

தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விழத் தொடங்கியது.

"பொறுங்க சார்" என்றாள் தெய்வானை. "சின்னவ இப்பத்தான் குளிக்க உக்காந்திருக்கா."