மூன்றாவது ஆய்வேடு

"இவ்வளவு தெளிவான இங்கிலீஷ்ல ஒரு ஆய்வேட்டைப் படிச்சு வருஷக்கணக்காச்சு சார்!" என்றார் வெளியூரிலிருந்து வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த தேர்வாளர் நீரஜா.

பேராசிரியர் பத்ரிநாராயணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வழிகாட்டிய முந்தைய இரண்டு ஆய்வேடுகளும் 'மொழி விளங்கவில்லை' என்ற குறிப்போடு திரும்பியவை. மூன்றாவதும் திரும்பினால், "இதுவரை வழிகாட்டினது போதும் சார்" என்று துறையிலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள்.

இத்தனைக்கும் மாணவி சிந்துவின் தலைப்பு, நம் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரைகளில் கனமான சொற்களைத் திணிப்பது ஏன் என்பது. அதை அவள் 'யூஸ்', 'ஷோ', 'ஹெல்ப்' என்று பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வந்து நின்றபோது அவருக்கு ரத்தம் கொதித்தது. இருநூறு பக்கத்திலும் சிவப்பு மையால் அடித்து, 'யூட்டிலைஸ்', 'டெமான்ஸ்ட்ரேட்', 'ஃபெசிலிடேட்' என்று ஏற்றினார். "டாக்டர் பட்டம்னா ஒரு வெயிட் வேண்டாமா?"

அந்த வெயிட்டைத்தான் இந்த அம்மாள் தெளிவு என்கிறார். ரசனை உள்ளவர்.

"ஒவ்வொரு வரிக்கும் உட்கார்ந்திருக்கேன் மேடம்," என்றார் அடக்கமாக, அறை முழுக்கக் கேட்கும்படி.

"ஆமாம் மேடம். சார் மட்டும் பெரிய மனசு பண்ணலேன்னா இந்த இங்கிலீஷ் இப்படி வந்திருக்காது." சிந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும், "மந்தைவெளியில டைப்பிங் கடை புஷ்பம் அக்காவுக்கு ஸ்வீட் குடுக்கணும் சார்," என்றாள்.

"வா, நானும் வரேன். உழைச்சவாளைப் பாராட்டணும்."

கடையில் அவரைக் கண்டதும் புஷ்பம் விருட்டென்று எழுந்தாள்.

"உட்காரும்மா! இன்னிக்கு எல்லாரும் கொண்டாடிட்டா. என் திருத்தத்தையெல்லாம் எவ்வளவு அழகா..."

"ஐயோ, அத்தக் கேக்கத்தான் வந்தீங்களா சார்?" புஷ்பம் கையைப் பிசைந்தாள். "உங்க கோழிக்கிறுக்கல்ல எனக்கு ஒரு எழுத்து புரியல. பைண்டிங் ஆளு வேற வாசல்ல நின்னுக்கினு அவசரப்படுத்துனான். பாப்பா மொதல்ல பென்டிரைவ்ல குடுத்தத அப்டியே பிரிண்ட் அடிச்சுக் குடுத்துட்டேன். அன்னிக்கே பாப்பாகிட்ட சொல்லிட்டேனே!"

பத்ரிநாராயணன் மெல்லத் திரும்பி சிந்துவைப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு சார்," என்றாள் சிந்து நெகிழ்ந்துபோய். "ஆனா பைண்ட் பண்ணின காப்பிய நீங்க ரெண்டு நாள் வச்சிருந்து முழுசாப் படிச்சுட்டு, உங்க திருத்தம் ஒண்ணுகூட இல்லைன்னு தெரிஞ்சும் மறுபேச்சில்லாம கையெழுத்துப் போட்டீங்களே... அதுக்குத்தான் சார் காலையிலேர்ந்து நன்றி சொல்லிட்டிருக்கேன்!"