அஞ்சு அங்குலம்

"காரோட கூரையை அஞ்சு அங்குலம் வெட்டி இறக்கிட்டியா? ஆறடி ஆளு நீ, தலையைக் கழட்டி வெச்சுட்டா ஓட்டுவே?" பேக்கர்ஸ்ஃபீல்டில் ஹாலிஸின் ஷெட்டுக்கு வந்த நண்பன் வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். "எஞ்சினோட கியரையும் ஆட்டோமேட்டிக்கா மாத்திட்டே. கிளட்ச்கூட இல்லை!"

ஹாலிஸ் ஸ்போர்ட்ஸ் காரைத் துடைத்தான்.

"அளவு தப்பாயிடுச்சா?" என்றாள் மனைவி நாடீன், கவலையுடன்.

"நீயே உக்காந்து பாரு." ஸ்டீயரிங் பக்கக் கதவைத் திறந்தான்.

உட்கார்ந்தாள். கொண்டைக்கு மேல் சரியாக ஓர் அங்குலம் இடம் இருந்தது. கால் பெடலுக்கு எட்டியது.

"டாக்டர் இனிமே என்னை ஓட்டக் கூடாதுன்னுட்டார். கண்ணு மங்கிட்டே வருதாம்," என்றான் ஹாலிஸ்.

வெர்னின் சிரிப்பு நின்றது.

"அப்ப நீ எப்படி உக்காருவே? தலை இடிக்குமே!" என்றாள் நாடீன்.

அவன் பக்கத்து இருக்கையில் ஏறி, அவள் தோளில் தலையைச் சாய்த்தான்.

"இதையும் சேர்த்துத்தான் அளவெடுத்தேன்."