வெண்ணெய் மாதிரி டிரிக்கர்

"டிரிக்கரைத் தேய்க்கக் கடைக்காரன்கிட்ட குடுத்து ஏமாறாதீங்கடா. வீட்டுல இருக்கற மெட்டல் பாலிஷும் பஞ்சுக்குச்சியும் போதும்" என்றான் ராய்ஸ்.

டெக்சாஸில் எங்கள் துப்பாக்கி சுடுதளத்தில் சனிக்கிழமை தவறாமல் நடக்கும் பிரசங்கம் இது. இன்றைக்குச் சாட்சியும் கொண்டுவந்திருந்தான். மேசைமேல் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கைத்துப்பாக்கிகள். ஒன்று அவனே டிரிக்கரைக் கழற்றித் தேய்த்து மெருகேற்றியது. மற்றது அவன் மனைவி டார்லாவுடையது.

"என்னுதையும் தேய்ச்சுக் குடுன்னேன். ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்னுட்டாரு" என்றாள் டார்லா.

முதலில் ஒரு துப்பாக்கியை ராய்ஸ் என்னிடம் கொடுத்தான். "இது அவளோடது. சுடு."

சுட்டேன். டிரிக்கர் முரண்டு பிடித்தது.

"ஜல்லிமேல கட்டிலை இழுக்கற மாதிரி இல்ல? இப்ப என்னுதைச் சுடு. வெண்ணெய்!"

வெண்ணெயேதான். "எனக்கும் பண்ணிக் குடுடா" என்று என் துப்பாக்கியை அவன் பையிலேயே வைத்துவிட்டேன்.

டார்லா வெண்ணெயை வாங்கி, குண்டுகளை எடுத்துவிட்டு, தலைகீழாகத் திருப்பினாள். பிடியின் அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.

"ரெண்டும் மாறிடக் கூடாதுன்னு வாங்கின அன்னிக்கே நான் வச்ச பொட்டு. இதுதான் என்னுது. நீங்க ராத்திரி பகலா தேய்ச்சது அந்த ஜல்லி."



நான் அவன் பையைத் திறந்து என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.