ஸ்டியரிங் ஆட்டம்

"அண்ணாத்தே, அந்த லாரிய ரிப்பேர் பண்ணாதே. உன் காலுல உழறேன்."

சென்னீர்குப்பம் பட்டறைக்குள் ஓடிவந்து நின்ற பெண்ணை மெக்கானிக் வரதன் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? கிழட்டு வண்டி. ஸ்டியரிங் பாக்ஸ்ல ஆயில் ஒழுவி, கால் சுத்து சுத்துனாலும் டயர் திரும்பாத நெலமைல வந்துச்சு. அத அப்டியே உட்டா ரோட்ல எவனாவது செத்துப்பூடுவான்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அப்டியே இருக்கட்டும். ஏன்னு கேக்காதே."

யாரைக் கொல்லப் பார்க்கிறாள் இவள்? வரதனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"போம்மா அந்தாண்ட! ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. காட்டணும்னு ஓனர் அவசரமா குடுத்துட்டுப் போனாரு. சீல், புஷ் எல்லாம் புதுசு போட்டு ஆட்டத்த சுத்தமா எடுத்துட்டேன். இப்ப பச்சப்புள்ளகூட ஓட்டலாம்."

அவள் ஆயில் படிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எஃப்.சி.க்கு இல்ல அண்ணாத்தே. நேத்து நெமிலிச்சேரில இந்த லாரி ஏறி ரெண்டு பேரு செத்துட்டாங்க. ஓட்டுனது எம் புருசன். ஸ்டேசன்ல நிக்கவேண்டிய வண்டிய ஓனரு ராவோட ராவா இங்க கொண்ணாந்துட்டாரு. நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாக்கப்போறாரு."

வரதனின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

"ஸ்டியரிங் திரும்பலன்னு ஸ்டேசன்ல கதறிகினு கீறாரு அந்த மனுசன். இனிமே அத யாரு நம்புவாங்க?"