அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை

"வீடு நல்லாத்தான் இருக்கு சார். இருந்தாலும் அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை விசாரிச்சுக்கிடுதேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார் ஜெபக்குமார்.

"தாராளமா விசாரிங்க. இதுல ஒளிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்று சிரித்தான் மோகன்ராஜ்.

ஜெபக்குமாருக்குத் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளிவிட்டு, இப்போதுதான் சொந்த வீடு தேடுகிறார். வந்ததிலிருந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கூரையில் ஓதம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடினார். ஒரு குறையும் அகப்படவில்லை. மோகன்ராஜின் அப்பா நல்லான் அந்தப் பழைய வீட்டை அப்படி வைத்திருந்தார்.

"வீட்டக் குடுத்துட்டு நீங்க எங்க போவீங்க ஐயா?"

"பையன்கூடத்தானுங்க! கோயமுத்தூர்ல அப்பார்ட்மென்ட்டு. லிப்ட்டெல்லாம் இருக்குதுங்க" என்றார் நல்லான், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒத்தையில கெடந்தது போதும், வாங்கப்பான்னுட்டானுங்க."

மோகன்ராஜ் குனிந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஜெபக்குமாரும் மோகன்ராஜும் தெருவுக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக் கோமளா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மழை பேஞ்சா இந்தத் தெருவுல தண்ணி நிக்குமாம்மா?" என்று கேட்டார் ஜெபக்குமார்.

"நிக்கறதா? சாக்கடையே ஊட்டுக்குள்ள வந்துருமுங்க. போன ஐப்பசியில பெரியவரு கட்டுலு மேல ஏறி உக்காந்துட்டாருங்க. நாங்கதான் போயி வாரிக் கொட்டுனோம்."

மோகன்ராஜ் திடுக்கிட்டான். "என்னக்கா சொல்றீங்க? நம்ம வீதியில எந்தக் காலத்துலீங்க தண்ணி வந்துச்சு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி? நீங்க வந்து ராத் தங்கி வருசக்கணக்காச்சுங்களே!"

மோகன்ராஜ் கடைசியாக எந்த மழைக்கு இந்த வீட்டில் படுத்திருந்தோம் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

முக்கு மளிகைக் கடைத் தங்கராஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். "போர் தண்ணிங்களா? அத்தனையும் சாயமுங்க. ஒரு நாளைக்குச் செகப்பு, ஒரு நாளைக்கு நீலம். குளிச்சா ஒடம்பெல்லாம் அரிப்புத்தானுங்க. பெரியவரு சொறிஞ்சுக்கிட்டே வந்து உக்காருவாரு, பாக்கவே பாவமா இருக்கும்."

"இப்பதான தெறந்து பாத்தேன். தெளிவாத்தான வந்துச்சு?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்களே! சாயப்பட்டறை லீவு."

பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளிடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தானாகவே வந்து நின்றாள். "நடுச்செவுரு வெடிச்சுக் கெடக்குதுங்க. சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிருக்கறாரு. எப்ப அவரு தலைமேல உளுகுமோன்னு எனக்குத்தான் தூக்கமில்லீங்க. பெத்த புள்ளைக்கே அந்தக் கவலை இல்லீன்னா நாம என்ன பண்ணறதுங்க?"

மோகன்ராஜுக்கு முகம் சுண்டிப்போனது. மூன்று பேரும் வீட்டைப் பற்றிச் சொன்னது போலவே இல்லை. தன்னைத் தெருவில் நிறுத்தி வைத்துத் தன்னைப் பற்றிச் சொன்னது போலிருந்தது.

ஜெபக்குமார் வண்டியை எடுத்தார். "வேண்டாம் சார். ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. இப்படிப்பட்ட வீட்டுலயா பெத்த தகப்பன ஒத்தையில விட்டு வச்சிருந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் போய்விட்டார். மோகன்ராஜுக்கு ஊரே தன்னைப் பார்ப்பது போல உடம்பு கூசியது.

வீட்டு கேட் பக்கத்தில் நல்லான் நின்றுகொண்டிருந்தார். "என்ன கண்ணு, அவிகளுக்குப் புடிச்சுதாமா?"

"உள்ள போங்கப்பா, வந்தர்றேன்" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அவர் உள்ளே போனதும் நேராக எதிர்வீட்டுக்குப் போனான். "ஏனுங்கக்கா, இத்தனை சிரமத்துல இருந்திருக்காரு. ஒரு போன் பண்ணி எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா? நான் இவ்வளவு கேவலமானவனாக்கா?"

கோமளா கொடியிலிருந்து கையை எடுத்தாள். நல்லான் வீட்டு வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சாக்கடையும் வரல, சாயமும் வரல தம்பி. செவுரும் கல்லாட்டத்தான் இருக்குது. எல்லாருமாப் பேசி வெச்சுக்கிட்டுச் சொன்ன பொய்யுங்க. அந்த மனுசர இங்கிருந்து அனுப்ப எங்களுக்கு மனசு வரலீங்க."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுக்காக இப்படியாக்கா பண்ணுவீங்க? என்ற அப்பா என்ற ஊட்டுக்கு வர்றதுல உங்களுக்கெல்லாம் என்னங்க கஷ்டம்?"

கோமளா அவனையே பார்த்தாள்.

"அவிநாசிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல அவருக்கு எடம் சொல்லி வெச்சிருக்கறீங்களே தம்பி, அங்க சமையலுக்கு இருக்கறது என்ற தங்கச்சிதானுங்க. பயப்படாதீங்க, உங்க ஊட்டுக்குத்தான் போறோம்னு நெனச்சுட்டிருக்கற அந்த மனுசன்கிட்ட நாங்க யாரும் இன்னும் சொல்லலீங்க."