இரண்டாவது சரணத்துக்கு முன்

வாசவி பாடகியாக இருந்து நடிக்க வந்தவள். தன் படங்களில் தனக்கான பாட்டுகளைத் தானே பாடுவாள். இந்தப் படத்துக்கான தாலாட்டைப் பதிவு செய்த அன்று, மகள் நேயா அவள் காலடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பு தொடங்குவதற்குள் காய்ச்சல் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது.

தளத்தில் பாட்டு ஒலித்தது. வெறும் தொட்டிலை ஆட்டியபடி வாசவி வாயசைத்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன், பதிவின்போது யாரும் கவனிக்காத நேயாவின் சிரிப்பு கேட்டது. வாசவியின் உதடுகள் நின்றுவிட்டன.

இயக்குநர் பதறி ஓடிவந்தார். "சாரி மேடம். அந்தச் சத்தத்தை எடுத்துடச் சொல்றேன்."

"வேண்டாம் சார். அப்படியே இருக்கட்டும்."

அடுத்த முறை எல்லாம் சரியாக அமைந்தது. இயக்குநர் ஓகே சொன்னார். வாசவி தொட்டிலை விடவில்லை.

"எனக்குச் சரியா வரல சார். இன்னொரு தடவை போடுங்க."