சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி

பாகம் பிரித்தபோது ஹாலின் நடுவே எழுப்பிய சுவருக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. இன்னும் பூசாத செங்கல்லின் மேல் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெளிச்சம் அலைகிறது. இரண்டு வீட்டிலும் அதே பழைய குடும்பப் படம்தான். தம்பி வீட்டு டிவி மட்டும் ஒரு நொடி பிந்துவதால், ஒவ்வொரு வசனமும் சுவரைத் தாண்டி வந்து மறுபடி காதைக் குடைகிறது. "சத்தத்தைக் குறைக்கச் சொல்லேன்டி! மனுஷன் நிம்மதியா ஒரு படம் பார்க்க வேண்டாமா?" அண்ணன் பல்லைக் கடிக்கிறார். "நீங்களே போய்ச் சொல்லுங்க, உங்க தம்பிதானே," என்கிறாள் மனைவி, துணி மடிப்பதை நிறுத்தாமல். படத்தில், கோபித்துக்கொண்டு போன தம்பி வாசலில் வந்து நிற்கிறான். வாய் திறக்கப் போகிறான். இதையும் இரண்டு தடவை கேட்கணுமா என்று அண்ணன் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டி, ஆத்திரத்தோடு அழுத்துகிறார். திரை அணைகிறது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மட்டும் கேட்கிறது, "அண்ணே!"